றோட்டில் நெல் காயப்போடும் ஊருக்கு வேகமான மெசின் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கையின் கிழக்கில் அரிசி ஆலைகளையும் சிறு தொழிற்சாலைகளையும் தானியங்கி மயமாக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையையும், மெசின் வந்தால் ஏழைகளின் பிழைப்பில் மண் விழும் என்று அதற்கு மறுப்பாக ஒரு வாசகர் எழுதியதையும் வாசித்தேன். இரண்டு பேரும் மெசினைப் பற்றியே பேசுகிறார்கள். வேலை எந்த வழியால் ஓடுகிறது, எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்பதை இரண்டு பேருமே தொடவில்லை. நான் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஆலைகளுக்கு மின்சார வேலையும் கண்ட்ரோல் போர்ட் வேலையும் செய்கிறவன். மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும், உள்ளே சம்மாந்துறைப் பக்கமும் போய் வருகிற தொழில். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்வோம். தானியங்கி மெசின் இனித்தான் கிழக்குக்கு வரப்போகிறது என்று பேசுவது சரியில்லை, நம் வயலுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, என்றால் முன்பு ஒரு கூட்டமே இறங்க வேண்டும். வெட்டி, வெட்டிய கதிரான உப்பட்டியைக் கிடக்க விட்டு, கட்டுக் கட்டி, சூடாக (போராக) அடுக்கி வைத்து, பிறகு அடித்து, தூற்றி என்று நாட்கணக்கில் போகும். இப்போது வெட்டு மெசின் வயல் கண்டத்துக்குள் இறங்கினால் வெட்டுவது, அடிப்பது, தூற்றுவது மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டு அடுத்த கண்டத்துக்குப் போய்விடுகிறது. நல்லதுதான், மழைக்கு முன் நெல்லைக் காப்பாற்றிக்கொள்ளலாம், கூலி ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய முறையில் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது: நெல் வெயிலிலும் காற்றிலும் கிடந்து தானாகக் காய்ந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வீட்டுக்கு வந்தது. மெசின் வெட்டுகிற நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு, ஊர் முழுக்க ஒரே கிழமையில் வந்து குவிகிறது. கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்றால் ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையும் அந்த அளவைத்தான் கேட்கிறது. இவ்வளவு ஈர நெல்லையும் எங்கே காய வைப்பது?

றோட்டில்தான். பெப்ரவரி, மார்ச்சில் நம் மாவட்டத்துக்குள் வாகனம் ஓட்டிய எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தார் றோட்டின் பாதியை நெல் பிடித்திருக்கும், கல்லை வைத்து எல்லை கட்டியிருப்பார்கள், மோட்டர் சைக்கிள்காரர் சறுக்கி விழுவார், லொறி டயர் ஏறி நெல் நசியும். பகலில் தார்ச் சூட்டில் மளமளவென்று காய்ந்து, இரவில் பனியில் திரும்ப ஈரம் குடிக்கிற நெல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அவிக்காமல் பச்சையரிசியாகக் குற்றும்போது அதுதான் குறுணலாகப் போகிறது. றோட்டும் கிடைக்காதவர் என்ன செய்வார்? வயல் வரம்பிலேயே ஈர நெல்லாக, வந்த விலைக்கு லொறிக்காரரிடம் கொடுத்துவிடுவார். அந்த லொறிகளில் கணிசமானவை பொலனறுவைக்குப் போகின்றன. நம் நெல் அங்கே அரிசியாகி, அச்சடித்த பையில் நம் கடைக்கே திரும்பி வருகிறது. ஒரு வேலையை மட்டும் மெசினுக்குக் கொடுத்து அதற்கு அடுத்த வேலையை அப்படியே விட்டதால் வந்த வினை இது. நெரிசல் தீரவில்லை, வயலில் இருந்து தார் றோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே கூத்து ஆலைக்குள்ளும் நடக்கிறது. புழுங்கல் அரிசி ஆலையில் நெல்லை ஊற வைத்து, அவித்து எடுக்கும்போது அதன் ஈரம் 30 சதவீதத்தையும் தாண்டி நிற்கும். திரும்ப 14-க்குக் கொண்டுவந்தால்தான் உமி நீக்க முடியும். பெரும்பாலான சின்ன ஆலைகளில் இப்படிக் காய வைப்பது சீமெந்துக் களத்தில், வெயிலை நம்பி. இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். உமி நீக்கும் மெசின் மணிக்கு 2 தொன் போடும், களத்தில் ஒரு நாளைக்குக் காய்வது 8 தொன் என்று வைத்துக்கொள்வோம். மெசின் 4 மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா நிற்கும். முதலாளி வங்கியில் கடன் எடுத்து மணிக்கு 4 தொன் போடுகிற புது மெசின் வாங்குகிறார். அது 2 மணித்தியாலத்தில் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். அரிசி அதே அளவுதான், கடன் மட்டும் புதிது. மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களை மட்டும் விட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள், கொழும்பில் இருந்து எவ்வளவு வேகமான காரில் வந்தாலும் பாலத்தடியில் வந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2013-இல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் அந்த வரிசை கலைந்தது, யாரும் வேகமான கார் வாங்கியதால் அல்ல.

இதைச் சொன்னால் ஆலைக்காரர்கள் கோபிக்கிறார்கள். களத்தைக் காட்டி என்ன பெருமை பேசுவது, புது மெசின் என்றால் நாலு பேருக்குக் காட்டலாம். வங்கிக்காரருக்கும் மெசின் என்றால்தான் பிடிபடுகிறது போலும், அதற்கு விலைச்சிட்டை இருக்கிறது, படம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஆலையில் நிறம் பிரிக்கும் மெசின் வாங்கினார்கள். நல்ல சாமான்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அரிசி சரிவில் வழுக்கி விழும்போது கமெரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும், கறுத்ததோ மஞ்சளோ தெரிந்தால் சின்ன வால்வு ஒன்று திறந்து காற்றை அடித்து அந்த மணியை மட்டும் வெளியே தள்ளிவிடும். அந்தக் காற்றுக்குக் கொம்பிரசர் வேண்டும். காற்று காய்ந்ததாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வு அடைத்துவிடும். நம் கரையோரக் காற்றில் உள்ள ஈரம் சொல்லத் தேவையில்லை, கொம்பிரசர் தொட்டியைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். காற்றைக் காய வைக்கிற கருவியையும் அழுக்கைப் பிடிக்கிற வடிகளையும் தனியாக வாங்க வேண்டும் என்று விற்றவரும் அழுத்திச் சொல்லவில்லை, வாங்கியவரும் அதை வீண் செலவு என்று விட்டுவிட்டார். ஒரு போகம்கூட ஒழுங்காக ஓடவில்லை. வால்வுகள் ஒவ்வொன்றாகப் போயின, போர்டில் எச்சரிக்கை எழுத்து வந்தது, அது சீன மொழியில், கைநூல் அரைகுறை ஆங்கிலத்தில். கொழும்பில் இருந்து ஆள் வரும்வரை அரிசியைப் பழையபடி சுளகில் போட்டுப் பெண்கள் பொறுக்கினார்கள். அந்த மெசினின் பொத்தான் ஒன்றுக்கு மேல் டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதியிருந்தார்கள். ஏன் தொடக்கூடாது என்று கேட்டேன், தெரியாது, முன்பு இருந்த பையன் எழுதியது என்றார்கள்.

மெசின் வாங்குவது வேறு, மெசினை ஓட்டத்தில் வைத்திருப்பது வேறு. ஓட வேண்டிய நேரத்தில் 80 சதவீதம் ஓடுகிறது, ஓடும்போதும் அதன் வேகத்தில் 80 சதவீதம்தான் வருகிறது, வருகிறதில் 95 சதவீதம் நல்ல சாமான் என்றால் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 61 சதவீதம்தான் கைக்கு வரும். பெரிய தொழிற்சாலைகளில் இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். நம் ஆலைகளில் மெசின் எத்தனை மணிக்கு நின்றது, எதற்கு நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதுகிற ஆலையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நெசவுக்குப் பேர்போன மருதமுனை, காத்தான்குடிக்காரருக்கு நான் சொல்லப் போவது உடனே விளங்கும். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்து, அதைக் கவனிக்காமல் தொடர்ந்து நெய்தால் என்ன ஆகும்? சாரமோ சேலையோ, அந்தக் குறை கோடாக நீண்டுகொண்டே போகும். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924-இல் முடித்த தானியங்கித் தறியின் விசேசம் வேகம் மட்டும் அல்ல, நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். தறி தானாக நிற்கும் என்றால் ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் காவல் நிற்கத் தேவையில்லை, ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கலாம், நின்ற தறிக்கு மட்டும் போய்க் கைவைத்தால் போதும். அந்தத் தறியின் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கொம்பனி ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது, மகன் கீச்சிரோ பிற்பாடு தொடங்கியதுதான் நாமெல்லாம் அறிந்த டொயோட்டா கார்க் கொம்பனி. நெசவு ஆலையில் வேலை பழகி அந்தக் கார்க் கொம்பனிக்கு வந்த தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர் இதே முறையைக் கார் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். குறை தெரிந்தால் கடைசித் தொழிலாளிகூடக் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம், திட்டு விழாது.

இங்கே எப்படி? ஆலையில் சத்தம் மாறுகிறது, பெயாரிங் சுடுகிறது என்று ஹெல்பர் பையன் சுவிச்சை நிறுத்தினால் "உன்னை யார் நிறுத்தச் சொன்னது, ஓடட்டும், பிறகு பார்ப்போம்" என்பார்கள். அந்தப் "பிறகு" வரும்போது தண்டு உடைந்திருக்கும். பிறகு எனக்குத்தான் இரவில் கோல் வரும். காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்குப் போகிற பிள்ளைகளைக் கேட்டாலும் இதே கதைதான். இலங்கையின் பெரிய ஆடைக் கொம்பனிகள் இந்த டொயோட்டா முறையைப் பல வருடங்களாகப் படித்துப் பயன்படுத்துகின்றன, ஆனால் சில இடங்களில் லைனில் உள்ள பிள்ளையின் தலையில் வந்து இறங்குவது டார்கெட் மட்டுமே, நிறுத்துகிற உரிமை வழியிலேயே எங்கேயோ தங்கிவிடுகிறது.

ஓனோ சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை நான் என்னோடு வருகிற பையன்களுக்கும் சொல்வதுண்டு. மெசின் ஏன் நின்றது? பாரம் கூடி ஃபியூஸ் போய்விட்டது. பாரம் ஏன் கூடியது? பெயாரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடி போடாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. ஆகவே மாற்ற வேண்டியது ஃபியூசை மட்டும் அல்ல, போட வேண்டியது ஒரு வடி. நம் ஊரில் முதல் கேள்வியோடு கதை முடிந்துவிடும். ஃபியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களால்தான் மோட்டர் சுற்றுகிறவர்களுக்கு வருமானம்.

இதை வாசித்து, ஏழை நாட்டுக்காரன் மெசின் வாங்கக் காசில்லாமல் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். காசு உள்ளவனும் இதே குழியில் விழுந்திருக்கிறான். 1980-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனி ஜப்பான்காரரை றோபோக்களால் முந்திவிடலாம் என்று ஆயிரக்கணக்கான கோடி டொலரைக் கொட்டியது, நினைத்தது நடக்கவில்லை. அதே நேரம் கலிபோர்னியாவில் பிறீமொன்ட் என்ற இடத்தில் தானே 1982-இல் மூடிய தொழிற்சாலையை, 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக மறுபடி திறந்தது. பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள்தான், புதுமையான மெசின் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வேலை செய்கிற முறை மட்டும் டொயோட்டாவுடையது. கொஞ்ச காலத்துக்குள் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு 2010-இல் அதே கட்டடத்தை டெஸ்லா வாங்கியது. எலோன் மஸ்க் அதற்குள் எல்லாவற்றையும் தானியங்கியாக ஓட்டப் பார்த்து, உற்பத்தி இழுபட்டு, கடைசியில் 2018 ஏப்ரலில் அளவுக்கு மீறித் தானியங்கியாக்கியது பிழை, மனிதனைக் குறைத்து மதித்துவிட்டோம் என்று தானே எழுதினார். முன்பு அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததைக் கேட்டறிந்திருந்தால் அவ்வளவு காசு மிச்சமாகியிருக்கும்.

பிழைப்புப் போய்விடும் என்று எழுதிய வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது, ஆனால் ஒரு பெரிய அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. வெட்டு மெசின் வந்தபோது வேளாண்மை வெட்டுக்குப் போய் வந்த குடும்பங்கள் இனி என்ன செய்யும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர்களில் இளையவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள், பெண்பிள்ளைகள் விடியற்காலை காமென்ட் பஸ்சில் ஏறினார்கள். தையலைப் பொறுத்தவரை மெசின் சீக்கிரத்தில் அவர்களைத் தள்ளிவிடும் என்று நான் நினைக்கவில்லை. துணி தொய்கிற சாமான், இரும்புத் தகட்டைப் பிடிக்கிற மாதிரி றோபோவால் அதைப் பிடித்து மடித்துத் தைக்க இன்னும் வராது. துணியை விரிப்பது, வெட்டுவது போன்ற வேலைகள்தான் முதலில் மெசினுக்குப் போயிருக்கின்றன. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: களத்தில் நெல் துழாவுகிற பெண்கள். உலர்த்தும் மெசின் வந்தால் அவர்கள் வேலைதான் முதலில் போகும். அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் அந்த மெசினுக்கே ஆளாக எடுக்க முடியும் என்பது என் அபிப்பிராயம். நெல்லை வாயில் போட்டுக் கடித்து ஈரம் சொல்கிறவர்களுக்கு ஈரமானியைப் படிக்கவும் உலைக்குள் போகிற உமியின் அளவைப் பார்க்கவும் பழக்குவது பெரிய வித்தை இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாம், யாராவது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

உமியைச் சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதில் ஒரு பகுதி அவிக்கிற அடுப்புக்குப் போகிறது, மீதியை ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவித்து, சில இடங்களில் கொளுத்திவிட்டுப் புகையை ஊருக்குக் கொடுக்கிறார்கள். அதே உமியை எரித்துச் சூடான காற்றால் நெல்லை உலர்த்துகிற இயந்திரங்கள் ஆசிய நாடுகளில் பல காலமாக ஓடுகின்றன. எரிபொருள் நம்மிடம் இலவசமாகக் கிடக்கிறது, காய வைக்க இடமில்லாமல் நெல் றோட்டில் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் ஆளில்லை. தனி ஆலைக்கு அது பாரம் என்றால் நாலைந்து ஆலைகளோ ஒரு கமக்காரர் அமைப்போ சேர்ந்து போடலாம். வருடத்தில் இரண்டு போகத்துக்கும் சில கிழமைகள்தான் முழு வேலை இருக்கும், ஆகவே பொதுவாக வைத்திருப்பதுதான் கணக்குக்கும் கட்டும்.

இன்னொன்று, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் டொலர் தட்டுப்பாட்டாலும் ஒரு சென்சர் வாங்க அலைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். பழைய மோட்டருக்கு இதெல்லாம் பெரிய விசயமில்லை, கரண்ட் வந்தால் திரும்பச் சுற்றும். கணினிப் போர்ட் உள்ள மெசின் அப்படி இல்லை, வோல்டேஜ் கூடிக் குறைந்தாலே மண்டையைப் போட்டுவிடும். புது மெசினுக்குச் செலவழிப்பவர் அதற்குப் பாதுகாப்பாக ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போட ஏன் யோசிக்கிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசியாக ஆட்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் வயரிங் படிக்கிறார்கள், மோட்டர் வைண்டிங் படிக்கிறார்கள், அது இன்னும் வேண்டும்தான். ஆனால் என்னிடம் வேலை பழக வருகிற பையன்களில் பலர் இன்று தொழிற்சாலைகளில் உள்ள பீஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். இதில் ஒரு மாய மந்திரமும் இல்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் அலுமாரி அலுமாரியாக இருந்த, மின்சாரத்தால் இயங்கும் சுவிச்சுகளான றிலேக்களுக்குப் பதிலாக வந்த சாமான், எந்த சென்சர் என்ன சொன்னால் எந்த மோட்டர் ஓட வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஆலைக்குள் ஒரு போகம் நின்று பார்த்தால் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. மெசின் விற்கிறவரிடம் தமிழில் கைநூல் கொடு, பராமரிக்க இரண்டு பேரைப் பழக்கிவிட்டுப் போ என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். காசு கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கட்டுரை எழுதியவர் ஆலைகளுக்குச் சலுகைக் கடன் கொடுக்க வேண்டும் என்கிறார். கொடுக்கட்டும். ஆனால் அந்தக் கடன் முதலில் உலர்த்திக்கே போக வேண்டும், உமி நீக்கும் மெசினும் நிறம் பிரிக்கும் மெசினும் பிறகு வரிசையில் வரலாம். மெசின் நின்ற நேரத்தையும் காரணத்தையும் ஒரு வருடமாவது எழுதிய கொப்பியைக் காட்டுகிற ஆலைக்கே முதலில் கொடுங்கள் என்பேன், வங்கிக்கும் அதைவிட நல்ல பிணை கிடைக்காது. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் எத்தனை கமநல சேவை நிலையங்களில் வேலை செய்கிற நிலையில் ஈரமானி இருக்கிறது, பொதுவாகப் பயன்படுத்தக்கூடிய உலர்த்தி எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று அதிகாரிகள் யாராவது அடுத்த பெரும்போக வெட்டுக்கு முன் உங்கள் பத்திரிகையிலேயே பதில் எழுதினால், லொறிக்காரர் வரும் முன் விவசாயிகள் அங்கே போய் விசாரித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஆலை மின்வேலைக்காரர் ஒருவர்,
நிந்தவூர்.